முத்துலட்சுமி ரெட்டி

முத்துலட்சுமி ரெட்டி (சூலை 30, 1886 - சூலை 22, 1968) தமிழகத்தைச் சேர்ந்த மருத்துவரும் சமூகச் சீர்திருத்தவாதியும் ஆவார். தேவதாசி முறை ஒழிப்பிற்காகவே பெரிதும் அறியப்படும் இவர், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியவர். பெண்கள் நோயை மறைக்காமல் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் வருவதற்கு வழி செய்ததில் இவருக்குப் பெரும் பங்குண்டு.

பிறப்பும் கல்வியும்

புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராசா கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபைச் சேர்ந்தவர். பெண் என்பதாலும் தாயின் மரபாலும் இவரைக் கல்லூரியில் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்தார். 1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912 இல் பட்டம் பெற்றார். 1914 இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும் என்பது திருமணத்திற்கு இவர் விதித்த நிபந்தனை.

பொதுவாழ்வு

1926 இறுதியில் சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்டு, 1927 இல் அதன் துணைத் தலைவராகத் தேர்வானார். தேவதாசி முறைக்கு எதிராக இவர் தொடங்கிய முயற்சி 1947 இல் சட்டமாக நிறைவேறியது. ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தை நிறுவினார்.

புற்றுநோய்ப் பணி

1920களின் தொடக்கத்தில் இவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் இளம் வயதிலேயே இறந்தார். அந்நோய் முதலில் சீதபேதி என்று தவறாகக் கருதப்பட்டு மருத்துவம் செய்யப்பட்டது. தமக்கையே மருத்துவராக இருந்தும், நோய் அறியப்பட்டபோது காலம் கடந்துவிட்டிருந்தது. பின்னர் 1925 இல் மேற்படிப்பிற்காக இலண்டன் சென்றபோது, அங்கிருந்த புற்றுநோய் மருத்துவமனையில், தொடக்கத்திலேயே கண்டறிந்தால் இந்நோயைக் குணப்படுத்த இயலும் என்பதை நேரில் கண்டார்.

1935 இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை தேவை என்று அறிவித்தார். புற்றுநோய் வந்தவர் எப்படியும் இறந்துவிடுவார், அவர்களுக்குத் தனி மருத்துவமனை எதற்கு என்ற எண்ணமே அன்றைய ஆட்சியாளர்களிடமும் மருத்துவர் பலரிடமும் இருந்தது. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. 1952 இல் சவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 சூன் 18 அன்று 12 படுக்கைகளுடன் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. இவருடைய மகன் கிருட்டிணமூர்த்தியும், 1955 இல் இணைந்த வி. சாந்தாவும் அதனை வளர்த்தெடுத்தனர். 1957 இல் கனடாவிலிருந்து கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி பெறப்பட்டது.

பெண்களும் புற்றுநோயும்

மார்பகக் கட்டி பெரும்பாலும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. வலி இல்லாததாலும், ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டக் கூசியதாலும், நோய் தொற்றும் என்று வீட்டார் ஒதுக்கிவிடுவர் என்ற அச்சத்தாலும் பெண்கள் அதனை மறைத்தனர். (புற்றுநோய் தொற்றுநோய் அன்று.) எனவே கட்டிடமும் கருவியும் மட்டும் போதுமானவையாக இல்லை; பெண்களிடம் எடுத்துச் சொல்லும் பணியும் உடன் தேவைப்பட்டது. குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்தல், உடல் உழைப்பு, எடையைக் கட்டுக்குள் வைத்தல், மது தவிர்த்தல் ஆகியவை மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும், முற்றிலும் தடுத்துவிடா. ஆகையால் புதிய கட்டி, தோலில் குழிவு, முலைக்காம்பு உள்ளிழுத்தல், குருதிக் கசிவு ஆகியவற்றைப் பெண் தானே கவனித்தல் இன்றியமையாதது. சென்னைப் பெண்களிடம் முன்பு முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்றுநோய். பிற்காலத்தில் அவ்விடத்தை மார்பகப் புற்றுநோய் பெற்றது.

மறைவும் அதன் பின்னரும்

1956 இல் பத்ம பூசண் விருது பெற்ற இவர் 1968 இல் மறைந்தார். தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

பெண்களைத் தேடிச் சென்று சோதிக்கும் முறை பின்னர் சிற்றூர்களையும் எட்டியது. பழனி மலையும் கொடைக்கானலும் அமைந்துள்ள திண்டுக்கல் மாவட்டத்தில், மலையடிவாரச் சமவெளியில் உள்ள அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு 2000 முதல் கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வு ஒன்று நடைபெற்றது. பயிற்சி பெற்ற செவிலியர், அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனையைச் செய்தனர். சோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே அந்நோயால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது என்று 2007 இல் வெளியான முடிவு காட்டியது. மார்பகத்திற்கும், பயிற்சி பெற்ற செவிலியர் கையால் தொட்டுப் பார்க்கும் மலிவான சோதனை உண்டு. அதனுடன், மாற்றத்தைப் பெண் தானே கண்டால், காலம் தாழ்த்தாமல் செவிலியரிடமோ மருத்துவரிடமோ காட்டுவதும் தேவை.