தேக்கு மரங்களிடையே துயில்பவர்

பூதப்பாண்டியின் வடக்கே மலையும் வனமும் ஓங்கி நிற்கின்றன. மரமழிந்த சரிவில் கன்று நடுவதா, இயற்கையே வளர்க்கட்டுமென விடுவதா என்னும் வினா இவ்வூராருக்கு வீண் தர்க்கமன்று. நாஞ்சில் நாட்டு வயல்களின் நீர் அம்மலையிலன்றோ பிறக்கிறது!

இதற்கு விடை தேடுவோர்க்கு ஹியூகோ உட் என்பாரின் சரித்திரத்தைக் கூற விரும்புகிறோம். 1870-ல் பிறந்த இவ்வன அதிகாரி 1916 முதல் 1926 வரை ஆனைமலையில் பணிபுரிந்தார். அதற்கு முன் அம்மலைத் தேக்கைக் கப்பலுக்கும் ரயில் பாதைக்குமாக அந்நிய சர்க்கார் வெட்டிச் சூறையாடியிருந்தது. உட் அச்சர்க்காரின் ஊழியரே. எனினும் குணத்தைக் குணமென்றே கூறுவோம்.

அடிக்கட்டையை விட்டு மரத்தை வெட்டச் செய்தார். கட்டை தானே தளிர்த்து மீண்டும் மரமாயிற்று. வெற்றிடங்களில் நட்டார். சட்டைப்பை நிறையத் தேக்கு விதையுடன் நடந்து, கைத்தடியால் குழி குத்தி விதையிட்டுச் செல்வாரென்று வழிவழியாகச் சொல்வர். 1933 டிசம்பரில் காலமான அவர், தம் விருப்பப்படியே டாப்ஸ்லிப் அருகே, தாம் வளர்த்த மரங்களிடையே அடக்கம் செய்யப்பட்டார்.

இவ்வாழ்க்கை உணர்த்துவதென்ன? வேர் உயிரோடுள்ள நிலத்தில் கோடரியையும் தீயையும் விலக்கினாற் போதும். வேரற்ற நிலத்திலே நடுவது கடமை. ஒரு குறையையும் மறைக்கலாகாது: விலைபோகும் தேக்கு மட்டும் நிறைந்த தோப்பு, பலவகை மரமும் கொடியும் செறிந்த சோலைக்கு ஈடாகாது. ஆகவே, மரம் நடும் விழாவுக்கு மண்வெட்டியுடன் புறப்படும் அன்பர்காள், குழி தோண்டுமுன் அம்மண்ணில் வேர் உளதாவென்று பாருங்கள்!