ஷெல்டன் சொல்லாத 73-ன் ரகசியம்… நிரூபித்தவர் குற்றாலத்துக்காரர்!

'தி பிக் பேங் தியரி' சீரிஸ் பார்த்திருக்கீங்களா? அதுல ஷெல்டனுக்கு ரொம்பப் பிடிச்ச எண் 73. அது 21-வது பகா எண். திருப்பிப் போட்டா 37, அது 12-வது பகா எண். ஏழையும் மூணையும் பெருக்கினா அதே 21. செமல்ல? ஆனா, ஷெல்டன் சொல்லாத இன்னொரு பெருமையும் 73-க்கு இருக்கு. அதை நிரூபிச்சவர் நம்ம எஸ்.எஸ்.பிள்ளை.

சுருளி அருவியில குளிக்கிற தேனிக்காரங்களுக்கு அவர் ஊர் அந்நியமில்லை. அதே மேற்குத் தொடர்ச்சி மலையோட அடிவாரம்தான். குற்றாலம் பக்கத்துல இருக்கிற வல்லத்தில் 1901-ல் பிறந்தார் சிவசங்கரநாராயண பிள்ளை. கைக்குழந்தையா இருக்கும்போதே அம்மா இறந்துட்டாங்க. பள்ளிப் படிப்பு முடியுற நேரத்துல அப்பாவும் போயிட்டார். படிப்பு அதோட நின்றிருக்கும். ஓர் ஆசிரியர்தான் தன் சம்பளத்திலிருந்து உதவி, படிக்க வெச்சார். நாகர்கோவில், திருவனந்தபுரம், சென்னை எனப் படிப்பு தொடர்ந்தது. 1929-ல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

அங்கேதான் அந்த 73 சிக்கியது. என்ன கணக்குன்னு கேட்கிறீங்களா? கம்பத்துத் திராட்சையை வெச்சே பார்ப்போம். உங்ககிட்ட 703 கிலோ திராட்சை இருக்கு. பெட்டிகளோட அளவு 1 கிலோ, 64 கிலோ, 729 கிலோன்னு போகுது. ஒரு எண்ணை ஆறு முறை எழுதிப் பெருக்கினா வர்ற அளவுகள் இவை. எந்தப் பெட்டியும் நிறையாம இருக்கக் கூடாது. அப்போ 729 கிலோ பெட்டி உதவாது. 64 கிலோ பெட்டி 10 எடுத்தா 640 ஆச்சு. மிச்சம் 63 கிலோவுக்கு 63 சின்னப் பெட்டி. மொத்தம் 73. இதுக்குக் குறைவா முடியவே முடியாது. போன் கால்குலேட்டர்ல நீங்களே போட்டுப் பாருங்க.

சரி, வேற ஏதாவது ஓர் எண்ணுக்கு 74 பெட்டி தேவைப்பட்டா? இங்கேதான் சிக்கல். எண்களுக்கு முடிவே கிடையாது. ஒவ்வொண்ணா சரிபார்க்க முடியாது. எவ்வளவு பெரிய எண்ணா இருந்தாலும் 73 போதும்னு 1940-ல் நிரூபிச்சார் பிள்ளை. 1770-ல் வேரிங் என்ற இங்கிலாந்துக்காரர் கிளப்பிய கேள்வியின் ஒரு பகுதி இது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல, பேனாவும் பேப்பரும் வெச்சு முடிச்ச வேலை!

உலகம் அவரைக் கவனித்தது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்கும் போக வேண்டும். கிளம்பினார். 1950 ஆகஸ்ட் 31 அன்று, கெய்ரோ அருகே விமானம் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 55 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பிள்ளைக்கு அப்போ வயசு 49.

அவர் போன பிறகும் அந்தக் கணக்கு நிற்கலை. ஒரு எண்ணை ஐந்து முறை பெருக்கி வர்ற அளவுகளுக்கு எத்தனை பெட்டி போதும்னு 1964-ல் சீனாவின் சென் ஜிங்ருன் நிரூபிச்சார். விடை என்ன தெரியுமா? 37. ஆமாம், 73-ஐத் திருப்பிப் போட்ட அதே எண்! நான்கு முறை பெருக்கினால் வர்ற அளவுகளுக்கு 19 போதும்னு 1986-ல் முடிச்ச மூவரில் ஒருத்தர், இந்தியாவின் ஆர்.பாலசுப்பிரமணியன்.

1729-னு சொன்னதும் ராமானுஜன் ஞாபகம் வருது இல்லையா? அடுத்த சீசனுக்குக் குற்றாலம் போறப்போ, 73-ஐயும் அதுக்குப் பின்னால் இருக்கிற வல்லத்துக்காரரையும் பத்தி உங்க ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லுங்க.