ஓமக்குளத்தில் எழுந்த பள்ளிக்கூடம்

உடையார்பாளையத்திலிருந்து ஜெயங்கொண்டம் வழியாகக் கிழக்கே போகும் சாலை சிதம்பரம் போய்ச் சேரும். அங்கே ஓமக்குளத்தில் நந்தனார் பள்ளியை உருவாக்கியவர் சுவாமி சகஜானந்தர்.

1890 ஜனவரி 27 அன்று ஆரணி அருகே மேல்புதுப்பாக்கத்தில் பறையர் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் முனுசாமி. திண்டிவனம் மிஷன் பள்ளியில் படித்தபோது மதம் மாற மறுத்ததால் படிப்பு நின்றது. சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சிவப்பிரகாச சுவாமிகளிடம் துறவு பெற்று, 1910இல் சிதம்பரம் வந்தார்.

துறவி மடத்தோடு நின்றுவிடவில்லை. 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, 25 பிள்ளைகளோடு பள்ளி நடத்தினார். கோயிலுக்குள் போக நந்தனார் தீயில் இறங்கியதாகச் சொல்லப்படும் இடம் ஓமக்குளம். அங்கே நம் பிள்ளைகள் தீயில் இறங்காமலே எழுத்துக்குள் நுழைந்தார்கள்.

பண்ணையில் மாடு மேய்க்கும் பிள்ளை படிக்க வேண்டுமென்றால் முதலில் சோறும் படுக்க இடமும் வேண்டும். அதனால் பள்ளியோடு விடுதியும் நடத்தினார். நன்கொடை திரட்டினார். 1926இல் சட்டசபைக்குப் போய், அங்கேயும் கல்விக்காகப் பேசினார். பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. 1959 மே 1 அன்று மறைந்தபோது அவர் சிதம்பரம் சட்டமன்ற உறுப்பினர்.

இன்று அங்கே ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அரசு நந்தனார் மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. சிலைக்கு மாலை போடுவது எளிது. நம் ஊர் ஆதிதிராவிடர் நல விடுதியில் சோறும் தண்ணீரும் விளக்கும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று போய்ப் பார்ப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.