பொடி எழுத்தும் டென்னிங் பிரபுவும்

பினாங்கில் வண்டி நிறுத்துமிடத்துச் சீட்டைத் திருப்பிப் பாருங்கள். இழப்புக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்றொரு வரி பொடி எழுத்தில் இருக்கும். கப்பல் சரக்குக்குக் கொடுக்கும் சீட்டிலும் அதுவே சற்று நீளமாக இருக்கும். பொறுப்புவிலக்கு விதி என்பது இதுதான். அது எப்போது செல்லும், எப்போது செல்லாது என்று தேடும் நம் சட்ட மாணவர் எவரும் டென்னிங் பிரபுவைச் சந்திக்காமல் திரும்ப முடியாது.

1899 ஜனவரி 23இல் இங்கிலாந்தின் விட்சர்ச் என்னும் சிற்றூரில் துணிக்கடைக்காரர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர் அவர். முதல் உலகப் போர்க்காலத்தில் சகோதரர் இருவரை இழந்தார். ஆக்ஸ்போர்டில் கணிதம் படித்து, சிறிது காலம் பள்ளியில் கணக்கும் சொல்லிக்கொடுத்து, 1923இல் வழக்கறிஞரானார்.

அவர் வாழ்வில் என்னை மிகவும் ஈர்த்த முரண் 1934இல் நிகழ்ந்தது. சிற்றுண்டிக்கடை நடத்திய ஒரு பெண்மணி சிகரெட் விற்கும் இயந்திரம் வாங்கினார். அது ஓடவில்லை. அவர் கையெழுத்திட்ட பழுப்புக் காகிதத்திலோ, நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் அச்சாகியிருந்தது. படித்தாலும் படிக்காவிட்டாலும் கையெழுத்துக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பாயிற்று. நிறுவனத்துக்காக வாதாடி வென்ற வழக்கறிஞர் வேறு யாருமல்லர், டென்னிங்தான்!

1944இல் நீதிபதியான பின், தாம் வென்றெடுத்த அதே கோட்டையைத் தாமே இடிக்கத் தொடங்கினார். 1951இல் ஒரு திருமண உடை வழக்கு. சலவைக்கடை ஊழியர் விதியைத் தவறாக விளக்கிக் கையெழுத்து வாங்கியதால் கடைக்குப் பாதுகாப்பு இல்லை என்றார். 1971இல், இயந்திரம் நீட்டும் சீட்டோடு ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது, பிறகு உள்ளே காணும் அறிவிப்பு பயன்படாது என்றார்.

நமக்கு நெருக்கமானது 1959ஆம் ஆண்டு வழக்கு. இங்கிலாந்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த சைக்கிள் உதிரிப்பாகங்களை, சரக்குச் சீட்டைப் பெறாமலேயே கப்பல் தரப்பு ஒப்படைத்துவிட்டது. பணம் வராத ஏற்றுமதியாளர் வழக்காடினார். சரக்கு இறங்கியதும் பொறுப்பு அடியோடு தீர்ந்தது என்று விதி சொன்னது. அதைச் சொல்லுக்குச் சொல் ஏற்றால் வழிப்போக்கனிடம் கொடுத்தாலும் கேட்க முடியாதே! பிரிவி கவுன்சில் சார்பில் டென்னிங் அதை ஏற்க மறுத்தார். அந்நாளில் மலாயாவின் மேல்முறையீடுகளும் அங்கேதான் போயின. உள்நாட்டுச் சட்டம் பேசாத வணிக விவகாரங்களில், 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம் மற்ற தீபகற்ப மாநிலங்களை அவ்வாண்டு ஏப்ரல் 7ஆம் நாளைய ஆங்கிலச் சட்டத்தோடு நிறுத்துகிறது. பினாங்கு, மலாக்காவுக்கு மட்டும் வழக்கு எழும் காலத்து ஆங்கிலச் சட்டம். ஆகவே லண்டனில் நடந்தது நம் வணிகர்களுக்குத் தூரத்துச் செய்தியன்று.

அவர் எப்போதும் வென்றாரா? இல்லை. ஒப்பந்தத்தை அடிப்படையிலேயே மீறியவருக்கு எந்த விலக்கும் கிடையாது என்ற அவர் கொள்கையைப் பிரபுக்கள் சபை 1980இல் தள்ளிவிட்டது. சம வலிமையுள்ள இரு நிறுவனங்கள் விலை பேசி, காப்பீடும் எடுத்துக்கொண்டு இட்ட கையெழுத்தை நீதிமன்றம் கலைக்கக் கூடாது என்பதில் நியாயம் உண்டு என்றே நானும் எண்ணுகிறேன். ஆனால் 1982இல் அவர் ஓய்வுபெறும் வேளையில் வந்த முட்டைக்கோசு விதை வழக்கில் அந்தச் சமநிலை ஏது? விதையின் விலை 192 பவுண்டு. விவசாயிகளின் இழப்போ 61,000 பவுண்டுக்கு மேல். விலையை மட்டும் திருப்பித் தருவோம் என்ற விதி நியாயமற்றது என்றார். அடுத்த ஆண்டு பிரபுக்கள் சபையும் சட்டத்தின் துணையோடு அதே முடிவுக்கு வந்தது.

1999 மார்ச் 5இல், நூறு வயது கண்டு அவர் மறைந்தார்.

மலேசியாவில் 2010ஆம் ஆண்டுத் திருத்தம் பயனீட்டாளருக்கு ஓரளவு காப்பளிக்கிறது. வணிகரோடு வணிகர் செய்யும் ஒப்பந்தத்துக்கு அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. 2018இல் கூட்டரசு நீதிமன்றம் ஒரு வீட்டுக்கடன் வழக்கில், எந்த இழப்புக்கும் பொறுப்பில்லை என்ற வங்கியின் விதியை 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவைக் காட்டிச் செல்லாதென்றது. அப்பிரிவு உரிமை கோருவதை அடியோடு தடுக்கும் விதிகளைத்தான் தொடும். இழப்பீட்டுக்கு உச்சவரம்பு மட்டும் வைக்கும் விதி வந்தால், அதை ஒவ்வொரு சொல்லாக உரசிப் பார்க்கும் பழைய வேலை வழக்கறிஞருக்கு மிஞ்சியிருக்கிறது.