பிளேக்கை எதிர்த்து நின்ற பினாங்கு வைத்தியர்

2020-ஆம் ஆண்டில் நாம் அனைவரும் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வெளியே சென்று வந்தோம். அவ்வழக்கத்தை உலகில் பரப்பிய முன்னோடிகளுள் ஒருவர் நமது பினாங்கின் புதல்வர் என்பதை இளைஞர் பலர் அறியார். அவரே டாக்டர் வூ லியன் தே.

1879 மார்ச் 10-இல் பினாங்கில் பிறந்தார். தந்தை சீனாவிலிருந்து குடியேறிய பொற்கொல்லர். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் பயின்ற சிறுவன், 1896-இல் மகாராணி உபகாரச் சம்பளம் பெற்று, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் வைத்தியம் கற்றார். 1903-இல் தாயகம் திரும்பிக் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் பெரிபெரி வியாதியை ஆராய்ந்தார். பின்பு பினாங்கில் வைத்தியம் பார்த்துக்கொண்டே அபினிப் பழக்கத்தை எதிர்த்துப் போராடினார். அபினியால் அரசாங்கத்துக்கும் செல்வர்களுக்கும் பெருவருவாய் கிடைத்த காலம் அது. பகைவர்கள் பெருகினர். மருந்தாகச் சிறிதளவு அபினிச் சாறு வைத்திருந்ததற்காக அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. 1908-இல் அழைப்பின் பேரில் சீனா சென்று, தியன்ட்சின் இராணுவ வைத்தியக் கல்லூரியில் துணைத் தலைவரானார்.

1910-இன் இறுதியில் மஞ்சூரியாவில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவியது. டிசம்பர் 24-இல் வூ ஹார்பின் நகரை அடைந்தார். இறந்த ஒரு பெண்மணியின் உடலைப் பரிசோதித்து, இது எலியும் தெள்ளுப்பூச்சியும் பரப்பும் வகையன்று, நுரையீரலைத் தாக்கி மூச்சுக்காற்றின் வழியே மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் வகை என்று கண்டார். பஞ்சை மெல்லிய துணியில் மடித்து, முகத்தில் கட்டிக்கொள்ளும் எளிய கவசம் ஒன்றை அமைத்தார். புகழ் பெற்ற பிரெஞ்சு வைத்தியர் மெஸ்னி இக்கருத்தை ஏற்கவில்லை. கவசமின்றி நோயாளிகளைப் பார்த்த அவர், சில நாட்களில் அதே நோய்க்குப் பலியானார். அதன் பின்பே மக்கள் விழித்துக்கொண்டனர்.

வூ நகரை நான்கு பகுதிகளாகப் பிரித்தார். பகுதிக்கொரு நிறமாக வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலப் பட்டைகளைக் கையில் அணியச் செய்தார். நோயாளிகளுடன் பழகியோரை ரஷ்யர்களிடம் இரவல் பெற்ற 120 ரயில் பெட்டிகளில் தனியே தங்கவைத்து, காய்ச்சல் கண்டவரை மட்டும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

இன்னொரு சோதனை பெரிது. பனியில் நிலம் பாறையாக உறைந்ததால் பிரேதங்களைப் புதைக்க இயலவில்லை. ஏறக்குறைய 2,000 சடலங்கள் மயானத்தில் கிடந்தன. மண்ணில் அடக்குவதைத் தலையாய கடமையாகக் கருதும் மக்களிடம், அவற்றை எரிக்க வேண்டும் என்று எவ்வாறு சொல்வது? அவர் அதிகாரத்தால் அடக்க முயலவில்லை. ஊர் அதிகாரிகளை அழைத்துச் சென்று, அந்நிலையைக் கண்ணால் காணச் செய்தார். அவர்களின் ஆதரவுடன் சக்கரவர்த்தியின் அனுமதியை வேண்டிப் பெற்றார். 1911 ஜனவரி 31-இல் சடலங்கள் எரிக்கப்பட்டன. மார்ச் 1-க்குப் பின் ஹார்பினில் புதிதாக எவருக்கும் நோய் வரவில்லை. ஆயினும் மஞ்சூரியா முழுவதும் சுமார் 60,000 பேர் அதற்குள் மாண்டிருந்தனர்.

அவ்வாண்டு ஏப்ரலில் முக்டனில் கூடிய சர்வதேச பிளேக் மகாநாட்டுக்கு, 32 வயதே ஆன வூ தலைமை வகித்தார். 1935-இல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1937-இல் மலாயா திரும்பி, ஈப்போவில் சிறிய வைத்தியசாலை நடத்தி, ஏழைகளுக்கு இலவசமாகவே மருந்தளித்தார். 1960 ஜனவரி 21-இல் பினாங்கில் காலமானார்.

சகோதரர்களே! அன்று பிளேக்குக்கு மருந்தே கிடையாது. எனினும், தன் மூச்சால் அயலாருக்குத் தீங்கு நேரலாகாது என்னும் எண்ணம் பல உயிர்களைக் காத்தது. மூச்சின் வழியே பரவும் காசநோய் இன்றும் நம்மிடையே உள்ளது. வழக்கமான காசநோய் ஆறு மாதம் இடைவிடாது மருந்துண்டால் குணமாகும். ஆயினும் ஊரார் ஏளனத்துக்கு அஞ்சிப் பலர் இருமலை மறைத்து வீட்டினுள் முடங்குகின்றனர். அவர்களைப் பழிப்போர் அந்நோய் பரவவே துணை செய்கின்றனர். அண்டை வீட்டில் நீடித்த இருமல் கேட்டால் கதவைத் தட்டுங்கள். கனிவாகப் பேசி வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருந்து முடியும் வரை துணை நில்லுங்கள். டாக்டர் வூவுக்கு நாம் செலுத்தும் நன்றி இதுவே.