வெறுங்காலில் ஒரு வித்தைக்காரர்

மாலை ஐந்தரைக்கு நம் கார் பார்க்கிங்கில் பந்துச் சத்தம் ஆரம்பித்துவிடும். அங்கே பிள்ளைகளாகவே ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: ஷூ இல்லாதவர்களுக்கு ஆட்டத்தில் இடமில்லை. அதனால் நம் காவலாளியின் மகன் தூண் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு முகமது சலீமின் கதையைச் சொல்லுங்கள்.

1904இல் கல்கத்தாவின் மெட்டியாபுரூஸில் பிறந்தவர் சலீம். மொகமதன் ஸ்போர்ட்டிங் அணியின் வலது ஓர ஆட்டக்காரர். 1934இல் கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்திய அணி அதுதான். 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. எதிரணிகளில் பூட்ஸ் அணிந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் இருப்பார்கள். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடுவார்கள்.

வெறுங்காலில் விரல் நுனியால் ஓங்கி உதைத்தால் அடி நமக்குத்தான். புறங்காலாலும் பாதத்தின் உட்பக்கத்தாலும்தான் பந்தை அனுப்ப வேண்டும். ஆனால் பூட்ஸில் கிடைக்காத ஒன்று அதில் உண்டு: தொடு உணர்வு. சலீம் பந்தைப் பெருவிரலில் நிறுத்தி, சுண்டுவிரல் வரை உருட்டி, ஒற்றைக்காலில் துள்ளி எதிராளியைத் தாண்டிச் சென்று, கோல் அடிக்க நிற்பவரிடம் தட்டிவிடுவாராம். ஸ்காட்லாந்துப் பத்திரிகைகளே இதை வியந்து எழுதின. நீங்கள் ஒருமுறை முயன்று பாருங்கள், எத்தனை வருடப் பயிற்சி அது என்று தெரியும்.

1936இல் ஸ்காட்லாந்தில் இருந்த அண்ணன் ஹாஷிம், தம்பியை கிளாஸ்கோவின் செல்டிக் அணிக்கு அழைத்துப் போனார். வெறுங்காலில் ஆடுவதா என்று நிர்வாகி வில்லி மேலி திகைத்தார். ஆனாலும் திருப்பி அனுப்பவில்லை, ஆடிக் காட்டச் சொன்னார். செல்டிக்கின் பழைய நட்சத்திரம் ஜிம்மி மெக்மெனமி குனிந்து சலீமின் பாதங்களில் கட்டுத் துணி சுற்றும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. செல்டிக்கின் இரண்டாம் நிலை அணி கால்ஸ்டனை 7-1 என்றும், ஹாமில்டனை 5-1 என்றும் வென்றது. ஹாமில்டனுக்கு எதிராக ஒரு பெனால்டியை சலீம் கோலாக்கினார்.

அணி அவரை விட மனமில்லாமல் இருந்தது. ஆனால் ஊர் நினைப்பு வாட்டவே, சில மாதங்களில் கல்கத்தா திரும்பிவிட்டார். பல ஆண்டுகள் கழித்து அவர் நோயுற்றபோது, செல்டிக்குக்கு இன்னும் நினைவிருக்கிறதா என்று பார்க்க மகன் ஒரு கடிதம் போட்டார். 100 பவுண்டுக்குக் காசோலை வந்தது. குடும்பம் அதைப் பணமாக்காமல் நினைவாக வைத்துக்கொண்டது. சலீம் 1980இல் காலமானார்.

அன்று ஷூ இல்லை என்று மேலி கதவைச் சாத்தியிருந்தால், இழப்பு செல்டிக்குக்குத்தான். இன்று மாலை கீழே இறங்கும்போது, தூண் ஓரம் நிற்கும் அந்தப் பையனையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.