உடலுக்குத் தமிழ் கண்ட வைத்தியர் கிறீன்

பேராதனை மருத்துவ பீடத்திற் பயிலும் நம் பழைய மாணவரொருவர் விடுமுறையில் நம்மைக் காண வந்தார். வயிற்றுறுப்புக்களுக்குச் செல்லும் பரிவு நரம்புகளின் வழியை ஆங்கிலத்தில் ஒப்புவிக்கவல்ல தமக்கு, வயிற்றுநோவென்று வந்த தோட்டத்துத் தாயொருத்திக்கு நோவின் காரணத்தைத் தமிழில் விளக்க நா எழவில்லை என வருந்தினார். இவற்றைத் தமிழில் எழுதினாரும் உளரோ என வினவினார்.

உளர். அவர் தமிழரல்லர் என்பதே வியப்பு.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 ஆம் ஆண்டு அமெரிக்காவின் வூஸ்டர் நகரிற் பிறந்தார். நியூயோர்க்கில் வைத்தியம் கற்று, 1847 இல் மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, மறுவருடமே மானிப்பாயில் அமர்ந்தார். சமயத்தில் நாம் அவரோடு ஒன்றுபட்டோமல்லேம். ஆயினும் அவர் தமிழுக்குச் செய்த பணியை மறைத்தல் நன்றியன்று.

முதலில் ஆங்கிலத்திலேயே அவர் வைத்தியம் கற்பித்தார். கற்றவரோ அரசாங்க உத்தியோகமும் உயர்ந்த சம்பளமும் நாடிப் புறம் போயினர். கிராமத்து நோயாளர் முன்போலவே கிடந்தனர். 1862 இல் தாய்நாட்டினின்று மீண்டு வந்தபின், தமிழிலேயே கற்பிப்பதெனத் துணிந்தார். எதிர்ப்பு மாணவரிடமிருந்தே வந்ததாம்! ஆங்கிலமின்றேல் மதிப்பில்லை என்னும் எண்ணம் அன்றே வேரூன்றியிருந்தது போலும்.

தமிழிற் கற்பிக்க நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். முதலில் தமிழ்ச்சொல்லைத் தேடினார். கிடையாவிடத்து வடசொல்லை எடுத்தார். அதுவுமின்றேல் ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கு இணக்கினார். ‘கெமிஸ்தம்’ அவ்வாறு பிறந்தது. உடலமைப்புக்கு ‘அங்காதிபாதம்’ என்று பெயரிட்டமை நமக்குப் பேருவகை தருவது. கேசாதிபாதம் பயின்ற செவிக்கு அஃது அந்நியமாக ஒலிப்பதில்லை. மாணவர் துணையோடு கிறே முதலியோரின் நூல்களைத் தழுவிய ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872 இல் வெளிவந்தது; 800 பக்கங்களுக்கு மேற்பட்டது.

அப்பணியின் அருமையை அறிய, நம் மாணவர் கேட்ட நரம்புகளையே நோக்குவோம். முள்ளந்தண்டின் இருமருங்கும் மணி கோத்தாற்போல நரம்புத்திரட்டுக்கள் நிரையாயுள்ளன. மார்புப் பகுதியின் ஐந்தாம் திரட்டு முதல் ஒன்பதாம் திரட்டு வரையிலிருந்து பெரிய உள்ளுறுப்பு நரம்பும், பத்தாம் பதினோராம் திரட்டுக்களிலிருந்து சிறியதும், பன்னிரண்டாவதிலிருந்து மிகச் சிறியதும் புறப்பட்டு, பிரிமென்றகட்டைத் துளைத்து வயிற்றினுள் இறங்குகின்றன. ஆங்கே இரைப்பைக்குப் பின்னே, பெருநாடியின் முன்னே, பெரும் பின்னலொன்று உண்டு. அதனின்று கிளைகள் குருதிக்குழாய்களைப் பற்றிக்கொண்டே ஈரல், மண்ணீரல், குடல், சிறுநீரகம் என்பவற்றை அடையும். அச்சம் வந்துழிக் குடலின் அசைவைத் தளர்த்திக் குருதியைத் தசைகளுக்குத் திருப்புவன இவையே. பரீட்சை மண்டப வாயிலில் உணவு செல்லாது நின்ற எவரும் இதனை அறிவர். உள்ளுறுப்பின் நோவை மூளைக்கு அறிவிக்கும் இழைகளும் இவற்றோடு ஓடுகின்றன. இத்தொழில்களெல்லாம் கேம்பிரிட்ஜ் லாங்லி முதலியோரின் ஆராய்ச்சிகளாற் பின்னரே தெளிவாயின. வழியோ கிறேயின் நூலிலேயே வரையப்பட்டிருந்தது. ஒவ்வோர் இழைக்கும் திரட்டுக்கும் பின்னலுக்கும் பெயரின்றி அத்தகைய நூலொன்றைத் தமிழாக்கல் இயலுமோ?

அறுபதின்மருக்கு மேற்பட்டோர் அவரிடம் வைத்தியம் பயின்றனர். 1873 இல் உடல்நலம் குன்றி அவர் தாய்நாடு சென்றார். கொழும்பில் 1870 இல் தொடங்கிய வைத்தியப் பள்ளியோ ஆங்கிலத்திலேயே கற்பித்தது. மானிப்பாய்த் தமிழ் வகுப்பு அவருக்குப்பின் நிலைக்கவில்லை. அவர் நூல்கள் இன்று பழஞ்சுவடிகளோடு உறங்குகின்றன. நம் மாணவரும் அவற்றை ஒருமுறையேனும் கண்டவரல்லர்.

கிறீனோ அமெரிக்காவிலிருந்தும் தமிழ்ப்பணியை விட்டாரல்லர். ‘மனுஷ சுகரணம்’ 1883 இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு மே 28 இல் வூஸ்டரில் அவர் மறைந்தார். தமக்குக் கல்லறை எழுப்பினால், தமிழருக்கு வைத்தியஞ்செய்த ஊழியர் என்று அதிற் பொறிக்குமாறு அவர் வேண்டியிருந்தார்.